நந்தனை எரித்த தீயை மூட்டியது யார்?



பழைய பிரதி ஒன்றை எடுத்து, சேரியின் பக்கம் நின்று மறுபடி வாசிப்பது மறைந்த தோழர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலிகளில் ஒன்று. இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொள்வது நந்தன் கதை. காப்பியமாக, கீர்த்தனையாக, சிறுகதையாக, நாடகமாகத் தமிழில் இத்தனை முறை சொல்லப்பட்ட சேரிக்காரன் கதை வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் நந்தனின் முடிவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வேறொரு பதில் கிடைக்கிறது. கனவு, அற்புதம், வருணனை என்று வகுப்பறையில் நாம் படிக்கும் இலக்கிய உத்திகள் அந்தப் பதிலை எங்கே காட்டுகின்றன, எங்கே மறைக்கின்றன என்பதே இவ்வுரையின் பொருள்.

தீ வந்த வழி

8ஆம் நூற்றாண்டில் சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்று பெயரை மட்டும் சொல்கிறார். ஊரும் இல்லை, குலமும் இல்லை. பின்னர் வந்த நம்பியாண்டார் நம்பி ஒரே ஒரு பாட்டில் ஆதனூரைச் சொல்கிறார். அம்பலவன் அருளால் புலை நீங்கியதையும் தில்லை மூவாயிரவர் கைகூப்பியதையும் சொல்கிறார். புலை எப்படி நீங்கியது என்று அவர் சொல்லவில்லை. அந்த இடைவெளியை 12ஆம் நூற்றாண்டில், சோழப் பேரரசின் அதிகாரத்தில் பங்குபெற்றிருந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் நிரப்புகிறார். அங்கேதான் தீ எரிகிறது.

அந்தத் தீ மூட்டப்படும் முறையைக் கவனிப்போம். சேக்கிழார் இரண்டு கனவுகளை வைக்கிறார். நந்தனார் கனவில் வரும் இறைவன் தீயில் மூழ்கி வரச் சொல்கிறார். தில்லை அந்தணர் கனவிலும் வந்து தீ அமைக்கச் சொல்கிறார். மதிலின் தென்வாயிலுக்குப் புறத்தே தீக்குழி அமைகிறது. கனவு என்ற உத்தி இங்கே பெரிய வேலை செய்கிறது. தீ வளர்த்தவர்கள் ஆணைக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். இறங்கியவர் விரும்பி இறங்கியவர் ஆகிவிடுகிறார். கட்டளைக்குச் சாட்சி கனவு கண்டவர்கள் மட்டுமே. ஒரு மனிதன் தீக்குள் போகிறான். அந்தச் செயலுக்கு மனிதக் கர்த்தா யாரும் இல்லை.

தீயிலிருந்து எழுபவர் பூணூல் அணிந்த முனிவர். கோயிலுக்குள் போனது அந்த முனிவர்தான். கதவு புலையனுக்குத் திறக்கவில்லை. புலையன் இல்லாமல் போன பிறகே திறந்தது. உள்ளே போனவரும் மறைந்துவிடுகிறார். ஆதனூரிலிருந்து இன்னொருவர் அந்த வழியில் பின்தொடர முடியாதபடி கதை கதவைச் சாத்திவிடுகிறது.

தோலும் நரம்பும் போன இடம்

இதோடு சேக்கிழாரைக் கட்டிவைத்துவிடவும் முடியாது. அற்புதத்தில் மறைத்ததை வருணனையில் அவரே வெளியே விட்டிருக்கிறார். ஆதனூர்ப் புலைப்பாடியை அவர் நின்று நிதானமாகச் சொல்கிறார்: பழைய கூரைகளின் மேல் படர்ந்த சுரைக்கொடி, முற்றத்தில் திரியும் கோழிகள், குழந்தைகள், நாய்க்குட்டிகள், மரக்கிளையில் தொங்கும் பறைகள். சேரியை இவ்வளவு நெருங்கிப் பார்த்த பழைய தமிழ்ப் பிரதிகள் குறைவு.

அதைவிட முக்கியமானது நந்தனாரின் தொழிற்கணக்கு. சிவன் கோயில்களின் பேரிகைகளுக்குப் போர்க்கும் தோலும் இழுத்துக் கட்டும் வாரும் அவர் கொடுக்கிறார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுக்கிறார். அர்ச்சனைக்குக் கோரோசனை கொடுக்கிறார். தோல் உள்ளே போகிறது. பதனிட்ட கை வெளியே நிற்கிறது. நரம்பின் இசை கருவறைவரை கேட்கிறது. நரம்பை உருவியவன் வாயிலுக்குப் புறத்தே நின்று ஆடிப்பாடுகிறான். தீண்டாமை தீட்டைப் பற்றிய நம்பிக்கையாக மட்டும் இயங்கியிருந்தால் அந்தப் பொருள்களும் வெளியிலேயே நின்றிருக்க வேண்டும். உழைப்பை எடுத்துக்கொண்டு உழைப்பவனை விலக்கும் ஏற்பாடு அது என்பதற்குச் சேக்கிழாரின் வருணனையே நமக்குச் சான்று.

நாற்பது வேலியும் பூதகணங்களும்

பெரியபுராணத்தில் நந்தனுக்குப் பண்ணையார் கிடையாது. தன் பிறப்பை நினைத்துத் தானே தயங்கி நாளை நாளை என்று நாள் கடத்துகிறார். தடை அவர் மனத்துக்குள் இருக்கிறது. 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அந்தத் தடைக்கு ஒரு முகம் கொடுத்தது. அந்த முகம் நிலம் வைத்திருக்கும் வேதியர். நாளை என்ற சொல் இப்போது ஆண்டையிடம் விடுப்புக் கேட்கும் சொல்லாக மாறிவிட்டது.

இது பாரதியின் கற்பனை மட்டும் அல்ல, காலத்தின் சாட்சியும்கூட. அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கிய சட்டம் 1843இல் வந்தது. சட்டம் வந்த பிறகும் தஞ்சைப் பண்ணைகளில் கடன் ஆளைக் கட்டிப்போட்டிருந்தது. அதே காலத்தில் நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் கடல் கடந்த தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிய கப்பல்கள் நின்றன. பண்ணையாள் ஊரைவிட்டுப் போக நினைப்பது பண்ணையாருக்கு எவ்வளவு பெரிய அச்சம் என்பதை வேதியரின் கோபத்தில் கேட்கலாம்.

ஆனால் பாரதியும் ஓர் அற்புதத்தை வைக்கிறார். 40 வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். இரவோடு இரவாகச் சிவனின் பூதகணங்கள் முடித்துவிடுகின்றன. விளைந்த வயலைக் கண்ட வேதியர் நந்தன் காலில் விழுகிறார். பக்தர்கள் கண்ணீர் விடும் இடம் இது. நாம் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த வயல்களைத் தலைமுறை தலைமுறையாக நட்டு அறுத்தவர்கள் யார்? நந்தனின் சாதிசனம். அவர்கள் உழைப்பு பூதங்களின் கணக்கில் ஏறிவிட்டது. விளைச்சலும் வேதியரிடமே தங்கிவிட்டது.

மாற்றிச் சொன்னவர்கள்

இருபதாம் நூற்றாண்டில் கதை கைமாறியது. 1907இல் தொடங்கித் தமிழன் இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், நந்தனைப் பௌத்த மன்னனாகவும் வேஷப் பிராமணரின் சூழ்ச்சிக்குப் பலியானவனாகவும் சொன்னார். அங்கே கனவு இல்லை, கொன்றவர்கள் இருக்கிறார்கள்.

1934இல் காந்தியின் ஹரிஜனப் பயணம் தமிழகத்தைக் கடந்தது. அந்தச் சூழலில் புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ எழுதினார். சேரிக் கிழவன் கருப்பன், சுயமரியாதைக்காரனான அவன் மகன், காந்தியத்தை ஏற்ற பார்ப்பன இளைஞன் ஆகிய மூவரும் ரயிலில் அடிபட்டுச் சாகிறார்கள். தீயின் இடத்தில் ரயில். முனிவராக எழுபவர் யாருமில்லை. மூவரில் நந்தன் யார் என்ற கேள்வியை வாசகரிடம் விட்டுவிட்டுக் கதை நிற்கிறது.

1978இல் வந்த இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகத்தில் ஆதிக்கச் சாதியினர் கூடித் திட்டமிடுகிறார்கள். நந்தனின் பக்தியையே பயன்படுத்தி அவனைத் தீயில் இறக்குகிறார்கள். அற்புதம் நிகழவில்லை. தீயில் இறங்கியவன் எரிகிறான்.

இந்த நாடகத்துக்கும் பெரியபுராணத்துக்கும் நடுவில் வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதை அடிப்படையாக வைத்துக் ‘குருதிப்புனல்’ நாவலை எழுதியவரும் இந்திரா பார்த்தசாரதிதான். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பின் போக்கு. 44 உடல்கள் இருந்தன. தீ மூட்டிய கை மட்டும் இல்லை. இந்த வாக்கிய அமைப்பு நமக்குப் புதிதல்ல. தில்லையின் தென்வாயிலில் நாம் ஏற்கெனவே வாசித்ததுதான்.

எனவே உத்தியை ஆராய்வது நமக்கு அழகியல் பயிற்சியோடு முடிகிற காரியமாக இருக்க முடியாது. கனவு வரும் இடத்தில் கட்டளை யாருடையது என்று கேட்கிறோம். அற்புதம் வரும் இடத்தில் உழைப்பு யாருடையது என்று கேட்கிறோம். வருணனை வரும் இடத்தில் நம் முன்னோரின் தொழிலையும் வீட்டையும் தேடி எடுக்கிறோம். இதே கேள்விகளோடுதான் காவல்நிலைய முதல் தகவல் அறிக்கையையும் நீதிமன்றத் தீர்ப்பையும் வாசிக்கக் கற்கிறோம்.

சுவாமி சகஜானந்தர் இந்தக் கதையை வேறு விதமாக வாசித்தவர். நந்தன் தீயில் இறங்கிய இடம் என்று மக்கள் வழக்கு சொல்லும் சிதம்பரம் ஓமக்குளத்தில் அவர் நந்தனார் பெயரில் மடத்தை நிலைநிறுத்தினார். 1916இல் கல்விக் கழகம் தொடங்கிச் சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். புராணத்தின் நந்தன் ஒருவனாக உள்ளே போய் மறைந்தான். சகஜானந்தரின் நந்தன் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் பல பெயர்களாகப் பெருகினான். அந்தப் பதிவேட்டிலிருந்து எழுந்து வந்த வாசகர்கள் நாம். தீயை மூட்டியது யார் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. கேட்போம்.