ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு எம்.பி.க்கள்: ஓல்ட் சாரம் தொகுதியின் கதை

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில், சாலிஸ்பரி நகருக்குச் சற்று வடக்கே ஒரு மேடு இருக்கிறது. மேலே இடிந்த கோட்டைச் சுவர்களும் புல்தரையும்தான். இந்த மேட்டின் பெயர் ஓல்ட் சாரம். 1832 வரை இதன் சார்பில் லண்டன் பாராளுமன்றத்தில் இரண்டு உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதே காலத்தில் லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்த மான்செஸ்டருக்குத் தனியாக ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது!

ஒரு காலத்தில் இது நிஜமாகவே ஊராகத்தான் இருந்தது. நார்மன் அரசர்கள் கோட்டை கட்டினார்கள். 1092-ல் ஒரு பெரிய தேவாலயமும் எழுந்தது. ஆனால் மேட்டில் தண்ணீர்ப் பஞ்சம், ஓயாத காற்று, போதாததற்குப் பாதிரியார்களுக்கும் கோட்டைச் சிப்பாய்களுக்கும் சண்டை. 1220-ல் கீழே சமவெளியில் புதிய தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மக்களும் மெல்ல மெல்ல அங்கே இறங்கிப் போனார்கள். அந்தப் புதிய ஊர்தான் இன்றைய சாலிஸ்பரி. அதற்கும் இரண்டு உறுப்பினர்கள் கிடைத்தார்கள். காலியான மேட்டின் இரண்டு இடங்களை மட்டும் யாரும் பிடுங்கவில்லை.

ஆளே இல்லாத ஊரில் ஓட்டுப் போட்டது யார்? இங்கே வாக்குரிமை மனிதனுக்கு இல்லை, மண்ணுக்கு. குறிப்பிட்ட சில பழைய மனைகளை யார் வைத்திருக்கிறாரோ அவருக்குத்தான் ஓட்டு. மனைகள் முழுவதையும் ஒரே ஆள் வாங்கிவிட்டால் இரண்டு எம்.பி. பதவியும் அவர் பையில். தேர்தல் சமயத்தில் நம்பகமான சிலர் பெயருக்கு மனைகளை எழுதி வைப்பார்கள். அவர்கள் வந்து, வயலில் நின்ற ஓர் எல்ம் மரத்தடியில் கூடி, முதலாளி சொன்ன பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த மரத்துக்குப் 'பாராளுமன்ற மரம்' என்றே பெயர். கடைசித் தேர்தலான 1831-லும் வாக்காளர்கள் ஒரு டஜன்கூடத் தேறவில்லை.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1691-ல் சாலிஸ்பரி பிரபுவிடமிருந்து ஓல்ட் சாரத்தை வாங்கியவர் தாமஸ் பிட். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறி இந்தியாவில் திருட்டு வியாபாரம் செய்து பணம் சேர்த்தவர். கம்பெனி அவருக்கு அபராதம் போட்டது. பிறகு என்ன நினைத்ததோ, அவரையே 1698-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநராக்கியது! 1709 வரை அவர்தான் சென்னையை ஆண்டார். அங்கே இருந்தபோது ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். 1717-ல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு அதை விற்றபோது விலை 1,35,000 பவுண்ட். அந்த வைரம் இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'டயமண்ட் பிட்' என்று பெயர் வாங்கியவரின் குடும்பம், வைரத்தை விற்ற பிறகும் மேட்டைக் கையில் வைத்திருந்தது.

அவருடைய பேரன்தான் பிற்காலத்தில் பிரதமரான வில்லியம் பிட். 1735-ல் முதன்முதலாக அவர் பாராளுமன்றத்தில் நுழைந்தது இந்த ஓல்ட் சாரம் வழியாகத்தான். அண்ணன் வேறு தொகுதியை வைத்துக்கொண்டதால் தம்பிக்குக் கிடைத்த இடம். 1766-ல், அமெரிக்கர்களுக்குப் பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி போடுவது பற்றிய விவாதத்தில், இப்படிப்பட்ட தொகுதிகள் அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்று இதே மனிதர் பேசினார். ஏறி வந்த ஏணியை உதைத்தார் என்று கேலி செய்யலாம். ஆனால் அதன் நாற்றம் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்?

அவர் மகனான இளைய பிட் பிரதமரானதும் 1785-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார். இதுபோன்ற 36 தொகுதிகளின் சொந்தக்காரர்களுக்கு அரசாங்கமே நஷ்டஈடு கொடுத்து அவற்றை ஒழிப்பது, அதற்குப் பத்து லட்சம் பவுண்ட் ஒதுக்குவது. கவனியுங்கள், ஓட்டு என்பது தனிச்சொத்துதான் என்று சீர்திருத்தவாதியே ஒப்புக்கொள்கிறார்! அதுவும் 174-க்கு 248 என்ற ஓட்டுக் கணக்கில் தோற்றது. தோற்கடித்த சபையிலேயே எத்தனை பேர் இப்படிப்பட்ட தொகுதிகளிலிருந்து வந்தவர்கள் என்பதை யோசித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

1802-ல் பிட் குடும்பம் ஓல்ட் சாரத்தை காலிடன் பிரபுவுக்கு 60,000 பவுண்டுக்கு விற்றது. அவர் குடும்பச் செல்வமும் இந்தியாவில் சம்பாதித்ததுதான். வருஷத்துக்குச் சில நூறு பவுண்ட் வருமானம் தரும் நிலத்துக்கு இந்த விலை! மண்ணுக்கா கொடுத்தார்கள், இரண்டு நாற்காலிக்குத்தானே.

பெரும் கிளர்ச்சிகளுக்குப் பிறகு 1832-ல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஓல்ட் சாரம் உட்பட 56 தொகுதிகள் அடியோடு நீக்கப்பட்டன. மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் நகரங்களுக்குத் தலா இரண்டு இடங்கள் கிடைத்தன. (அந்த நகரங்களின் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்கு அப்போதும் ஓட்டு இல்லை என்பது வேறு கதை.) ஓல்ட் சாரத்தின் கடைசி இரண்டு உறுப்பினர்களும் அலெக்ஸாண்டர் என்ற காலிடன் குடும்பப் பெயரைக் கொண்டவர்கள். அரை நூற்றாண்டுக்கு முன் பிட் தர நினைத்த நஷ்டஈட்டில் ஒரு பைசாகூட இந்த முறை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. காலிடன் பிரபுவின் கையில் மிஞ்சியது மேடும், அதைச் சுற்றியிருந்த வயலும்.