"எனக்கப்புறம் யாரு?": கலிஃபோர்னியாவில் ஒரு வேலை பிறந்த கதை

பெரியம்மாவுக்கு 74 வயசு. அவங்க பையனுக்கு 46. அறிவுசார் குறைபாடு உள்ளவர். கடைக்குப் போய் பால் வாங்கி வந்துடுவார், மீதிச் சில்லறையை எண்ணத் தெரியாது. போன தடவை ஊருக்குப் போனப்போ பெரியம்மா கேட்டாங்க: "எனக்கப்புறம் இவனை யாருடா பார்த்துக்குவா?"

எனக்குப் பதில் தெரியலை. வேற எங்கேயாவது இந்தக் கேள்விக்குப் பதில் தேடியிருக்காங்களான்னு படிக்க ஆரம்பிச்சேன். படிப்பு கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிட்டுப் போச்சு.

1960-களின் தொடக்கத்தில் அங்கே குடும்பங்களுக்கு இருந்தது இரண்டே வழி. கடைசிவரை வீட்டிலேயே வைத்துத் தனியாகச் சமாளிக்கணும். இல்லேன்னா மாநில அரசின் பெரிய ஆஸ்பத்திரியில் விட்டுடணும். அந்த ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். இடத்துக்காகக் காத்திருந்தவர்களும் நிறைய. உள்ளே நிலைமை எப்படி? 1967-ல் டென்மார்க்கின் நீல்ஸ் எரிக் பேங்க்-மிக்கெல்சன் சொனோமா அரசு ஆஸ்பத்திரியைப் பார்த்தார். தன் நாட்டில் இத்துறைக்குப் பொறுப்பான அதிகாரி அவர். எங்க ஊர்ல மாடுகளைக்கூட இப்படி நடத்த விடமாட்டோம் என்கிற மாதிரி அவர் சொன்னது பெரிய பரபரப்பானது.

பெற்றோர் சங்கங்கள் அதற்கு முன்பே போராடத் தொடங்கியிருந்தன. அவர்கள் கேட்டது இன்னொரு ஆஸ்பத்திரி இல்லை. பிள்ளை ஊருக்குள்ளேயே இருக்கணும், உதவி அங்கே தேடி வரணும் என்பதுதான். 1966-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் சோதனை முயற்சியாக இரண்டு 'ரீஜனல் சென்டர்'கள் திறந்தன. 1969-ல் சட்டமன்ற உறுப்பினர் ஃபிராங்க் லான்டர்மன் கொண்டுவந்த சட்டம் அதை மாநிலம் முழுக்க விரித்தது. இளவயதில் சினிமா தியேட்டர்களில் ஆர்கன் வாசித்தவர், குடியரசுக் கட்சிக்காரர். கையெழுத்துப் போட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். இன்றைக்கு 21 மையங்கள் இருக்கின்றன. பணம் அரசுடையது, நடத்துவது லாப நோக்கமில்லாத தனி அமைப்புகள்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது கட்டடமோ பணமோ இல்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரு ஆள் உண்டு. முதலில் கேஸ் மேனேஜர் என்றார்கள், இப்போது சர்வீஸ் கோஆர்டினேட்டர். அவர் மருத்துவர் இல்லை, ஆசிரியரும் இல்லை. அந்த மனிதரோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து, எங்கே தங்கணும், என்ன வேலை செய்யலாம், யார் துணைக்கு வரணும்னு ஒரு திட்டம் எழுதுவார். அப்புறம் அது நடக்குதான்னு பார்ப்பார். அம்மா போன பிறகும் அந்த நாற்காலியில் ஒருத்தர் இருப்பார்.

அந்தத் திட்டத்துக்கு உயிர் கொடுத்தது நீதிமன்றம். செலவைக் குறைக்க அரசுத் துறை உத்தரவு போட்டபோது பெற்றோர் சங்கம் வழக்குப் போட்டது. சேவை என்பது அந்த நபரின் உரிமை, துறை தன் இஷ்டத்துக்கு வெட்ட முடியாதுன்னு 1985-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

எல்லாம் சுபமான்னு கேட்டா, இல்லை. பொதுவாக ஒரு கோஆர்டினேட்டருக்குச் சராசரியாக 62 பேர்னு சட்டத்திலேயே ஒரு கணக்கு இருக்கு. மாசத்துல வேலை நாள் 22 தான். ஆளுக்கு அரை நாள்கூடக் கிடைக்காது. நியூயார்க்கில் வில்லோபுரூக் விடுதிக் கொடுமைகள் நீதிமன்றத்துக்குப் போய், 1975-ல் சமரசத் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் உட்பட்டவர்களுக்கு 20 பேருக்கு ஒருவர்ங்கிற கணக்கு கிடைத்தது. 20-க்கும் 62-க்கும் நடுவில்தான், அந்த ஆள் வீட்டுக்கு வந்து பேசுவாரா, போனில் விசாரித்துட்டு வெச்சிடுவாரா என்பது இருக்கு.

சொனோமா 2018 கடைசியில் மூடப்பட்டது. மாற்று வர அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

நம்ம நாட்டில் 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு 18 வயதுக்கு மேற்பட்டவருக்குப் பாதுகாவலரை நியமிக்கலாம். பெரியம்மாவுக்காக அந்த விண்ணப்பத்தை எழுதிக்கிட்டிருக்கேன். பாதுகாவலர் என்று என் பெயரைத்தான் போட்டிருக்கேன். சொத்துக் கணக்கை நான் குழுவிடம் காட்டியாகணும், அது சட்டம். ஆனா அண்ணனோட நாள் எப்படிப் போகுதுன்னு அவர்கிட்டயே உட்கார்ந்து கேட்டு, நான் சரியாப் பார்த்துக்கலேன்னா என்னைக் கேள்வி கேக்க ஒருத்தர் வேணும். பெரியம்மாவோட கேள்விக்கு என் பெயர் பாதிப் பதில்தான்.