மெஷெக் என்ற வினை: யோபு 28:18 புத்தளக் கரைக்கு வந்த மூன்று வழிகள்

இலங்கையின் புத்தளக் கரையிலுள்ள சிலாபத்தின் பெயரைச் சலாபம் என்ற சொல்லோடு சேர்த்து விளக்குவது வழக்கம். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. பெயரிலேயே முத்தைச் சுமக்கும் இந்தக் கரைக்கு எபிரேய வேதத்தின் ஒரு பாதி வசனம் மூன்று மொழிகளின் வழியாக, மூன்று வேறு பொருளோடு வந்து சேர்ந்திருக்கிறது. யோபு 28ஆம் அதிகாரம், 18ஆம் வசனத்தின் பின்பாதி அது. யோபுவை ஐயூப் நபியாக அறிந்த புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்களுக்கு அவர் பொறுமையின் உருவம். இந்த அதிகாரத்தின் யோபு வேறு ஆள். ஞானம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்.

அதிகாரம் சுரங்கத்தில் தொடங்குகிறது. மனிதன் மலையின் அடியைப் புரட்டுகிறான், ஆள் நடமாட்டமற்ற இடத்தில் கயிற்றில் தொங்கி ஊசலாடுகிறான், இருட்டைக் குடைந்து வெள்ளியையும் பொன்னையும் எடுக்கிறான். 11ஆம் வசனத்தில் அவன் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் மறைபொருளுக்கு எபிரேயச் சொல் 'தஆலுமா'. பத்து வசனம் தள்ளி, ஞானம் உயிருள்ள எல்லாருடைய கண்ணுக்கும் மறைந்திருக்கிறது என்னும் இடத்தில் அதே வேரிலிருந்து 'நெஎல்மா' வருகிறது. மண்ணுக்குள் மறைந்ததை எடுக்கத் தெரிந்தவனுக்கு இந்த மறைவு மட்டும் பிடிபடவில்லை என்பதை ஒரே வேர்ச்சொல்லை இரண்டு முறை வைத்தே கவி சொல்லிவிடுகிறார். ஆழியும் கடலும் கூடத் தங்களிடம் இல்லை என்று கைவிரிக்கின்றன. சாவுக்குக் கிடைத்ததோ வெறும் கேள்விச் செய்தி. வழி தெரிந்தவர் கடவுள் ஒருவரே.

வேறு நூல்கள் இந்த மறைவைத் தளர்த்தின. நீதிமொழிகள் 8இல் ஞானம் ஒரு பெண்ணாகத் தெருமுனையில் நின்று கூப்பிடுகிறாள். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட சீராக் நூலின் 24ஆம் அதிகாரம் அவளை யாக்கோபின் நடுவே குடியேற்றி, மோசேயின் சட்டமே அவள் என்கிறது. பாரூக் 3, கடல் கடந்து போய் அவளைக் கண்டவர் யார் என்று யோபின் கேள்வியைத் திரும்பக் கேட்டுவிட்டு, சீராக்கின் விடைக்கே வருகிறது. சீராக்கும் பாரூக்கும் கத்தோலிக்கர் வேதத்தில் உண்டு, சீர்திருத்தச் சபையார் வேதத்தில் இல்லை. ஆகவே மறைந்த ஞானம் கடைசியில் கிடைத்தது என்ற முடிவுரை தலவிலைக் கத்தோலிக்கருக்குக் கேட்கும், பக்கத்துச் சீர்திருத்தச் சபைக்குக் கேட்காது. இன்னொரு வேடிக்கை: சீராக்கின் எபிரேய மூலமே பல நூற்றாண்டு காணாமற்போய், 1896இல்தான் கெய்ரோப் பழஞ்சுவடிகளிலிருந்து அடையாளம் காணப்பட்டது.

இனி அந்தப் பாதி வசனம்: ஞானத்தின் மெஷெக் பெனினீமினும் மேல். அதில் சிக்கலான சொற்கள் இரண்டு. 'மெஷெக்' என்பது இழுத்தல் என்ற வேரிலிருந்து பிறந்தது. 'பெனினீம்' என்ன பொருள் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை: முத்தா, பவளமா, மாணிக்கமா? புலம்பல் 4:7இல் அது சிவப்புக்கு உவமையாக வருவதால் பவளக் கட்சிக்கு வலு அதிகம்.

முதல் வழி இலத்தீன். டச்சுக்காரர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், கண்டி அரசின் கீழிருந்த புத்தளத்துக்கு 1690 அளவில் யோசேப் வாஸ் அடிகள் வந்தார். அவருக்குப் பின் வந்து தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்த யாக்கோமே கொன்சால்வெஸ் 1742இல் போலவத்தையில் காலமானார். இவர்கள் அறிந்த இலத்தீன் வேதத்தில் இந்த இடத்தில் மணியும் இல்லை, முத்தும் இல்லை. மறைவிடங்களிலிருந்து ஞானம் இழுத்தெடுக்கப்படுகிறது என்ற பொருளே இருக்கிறது. 'பெனினீம்' என்பதை இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் 'உள்ளே' என்னும் சொல்லோடு சேர்த்துப் படித்தார் போலும். கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பும் அதே பக்கம்தான் சாய்கிறது.

இரண்டாவது வழி டச்சு. 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர்களின் 1637ஆம் ஆண்டு வேதத்தில் ஞானத்தின் இழுப்பு மாணிக்கத்தினும் மேல். வினை உயிர்பிழைத்தது, முத்து வரவில்லை. கொழும்பில் 1759இல் அச்சான பிலிப்பு தெ மெல்லோவின் தமிழ்ப் பெயர்ப்பு புதிய ஏற்பாடு மட்டுமே.  ஆக, யோபு தமிழில் வந்தது மூன்றாவது வழியில்: தரங்கம்பாடியில் 1728இல் பழைய ஏற்பாட்டை முடித்த சூல்சே, அவருக்குப் பின் பப்ரீசியுஸ், 1871இல் பவர் குழுவினர். இவர்களில் முன்னிருவரும் ஜெர்மானிய லூத்தரன்கள். லூத்தர் யோபிலும் நீதிமொழிகள் 31:10இலும் முத்து என்றார், புலம்பலில் மட்டும் பவளம் என்றார். 1871ஆம் ஆண்டுத் தமிழும் அதே மூன்று இடத்தில் அதே மாதிரி பிரிகிறது. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 1995இல் வந்த திருவிவிலியமோ நீதிமொழிகள் 31:10இல் பவளத்துக்கு மாறிவிட்டது.

முத்தைக் கொண்டுவந்த தமிழ், வினையைக் கடலிலேயே விட்டுவிட்டது. 'மெஷெக்' இருந்த இடத்தில் இப்போது நிற்பது விலை. அன்று சலாபத்தில் குளியாள் காலில் கல்லோடு இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைக் கையில் பிடித்து, சமிக்கை வந்ததும் இழுப்பான். ஏறக்குறைய ஒரு நிமிட மூச்சு. இழுப்பவன் தூங்கினால் குளித்தவன் இல்லை. பிறகு திறக்காத சிப்பிகள் ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. 'மெஷெக்' முத்தெடுக்கும் இழுப்பையே குறிக்கலாம் என்று சில உரையாளர்கள் சொன்னபோது அவர்கள் நூல்களிலிருந்து ஊகித்தார்கள். இந்தக் கரைக்கு அதை ஊகிக்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

பெனினீம் முத்தா பவளமா என்ற வழக்கு இன்னும் நடக்கட்டும். ஆனால் தமிழ் வேதத்தை அடுத்த முறை திருத்த உட்காருகிறவர்கள் விலை என்ற சொல்லை எடுத்துவிட்டு, இழுத்தெடுத்தல் என்ற வினையை அந்த வசனத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.