சேலையூர்ப் புதர்க்காடும் இருளர் வித்தையும்

இன்று வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கி நிற்கும் தாம்பரமும் சேலையூரும், 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் இங்கே ஓடிவரத் தொடங்கிய காலத்திலும், 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டு இவ்விடம் குடிபெயர்ந்த காலத்திலும், ஏரியும் நெல்வயலும் முட்புதரும் கற்குன்றுமாகவே கிடந்தன என்பதைப் புதிதாகக் குடிவந்தவர்கள் அறியமாட்டார்கள். அந்த மண்ணை அடி அடியாக அறிந்திருந்த ஜனங்கள் செங்கற்பட்டுச் சீமையின் இருளர்கள். 1909-இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய பெருநூலில் எட்கர் தர்ஸ்டன் இவர்களை வில்லியர் என்ற பெயராலும் குறித்திருக்கிறார்.

ஏடு பார்த்துப் படிக்காத வித்தை அவர்களுடையது. அறுவடைக்கால வயலில் எலிவளையைக் கண்டுவிட்டால், வைக்கோல் அடைத்து நெருப்பிட்ட மண்பானையின் வாயை வளையோடு பொருத்தி, பானையின் அடியிலுள்ள சிறு துளையில் தம் வாயை வைத்து ஊதி, புகையை உள்ளே செலுத்தி, மூச்சுமுட்டிய எலிகளைத் தோண்டி எடுப்பார்கள். எலி திருடிப் பதுக்கிய நெற்கதிர்களும் அப்போது அவர்கள் மடிக்கு வந்து சேரும். உழவனுக்குப் பயிர் பிழைத்தது, இருளருக்கு அன்றைய ஜீவனம் நடந்தது. மழைக்காலத்து ஈசலும், தேனும், பச்சிலை மூலிகைகளும், புற்றைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே பாம்பு உண்டா இல்லையா என்று சொல்லும் கண்ணும் இந்தப் பரம்பரைச் செல்வத்தில் அடக்கம்.

பாம்புத் தோலுக்கு வெளிநாடுகளில் கிராக்கி இருந்த நாட்களில் வியாபாரிகள் இந்தச் சாமர்த்தியத்தை அற்பக் கூலிக்கு வாங்கிக்கொண்டார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது, பாம்பினத்தைக் காப்பதற்கு அவை அவசியமே என்றாலும், அந்தத் தொழிலையே நம்பியிருந்த குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. இருளர்களோடு காடு சுற்றிப் பாம்பு பிடிக்கக் கற்றவரான ரோமுலஸ் விட்டேக்கர், முதலில் நம் சேலையூரில் தொடங்கி 1972-இல் கிண்டிக்கு மாற்றிய பாம்புப் பண்ணையின் ஸ்தாபகர். தோலுக்குப் பதிலாக விஷம் எடுத்து அந்தக் குடும்பங்கள் பிழைக்கும்படி, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் உருவாக முன்னின்றவரும் அவரே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் அந்தச் சங்கத்தின் கூடம் இருக்கிறது.

அங்கே காணும் காட்சியை நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பாதி மணல் நிரப்பி, வாயைப் பருத்தித் துணியால் கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நல்லபாம்போ, கட்டுவிரியனோ, கண்ணாடிவிரியனோ, சுருட்டைவிரியனோ சுருண்டிருக்கிறது. முழங்கால் உயரமுள்ள இரும்புக் கம்பியொன்றால் பாம்பை மெல்லத் தூக்கி, தலைக்குப் பின்னால் இரு விரல்களால் பிடித்து, வாய் கட்டிய கண்ணாடிக் குப்பியைக் கடிக்கவிடும்போது, மஞ்சள் நிறத் துளிகள் சில உள்ளே விழுகின்றன. அவ்வளவுதான் விஷம்! வாரம் ஒருமுறையாக ஏறத்தாழ ஒரு மாதம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுப் பாம்பைக் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்தே பாம்பு தீண்டியவர்களின் உயிரைத் தேசமெங்கும் மீட்கிறது.

தொழில் இப்படி உருமாறினாலும் சம்பிரதாயம் மாறவில்லை. மாசி மகத்தன்று இருளர்கள் குடும்பம் குடும்பமாக மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, சேலைகளாலும் தார்ப்பாயாலும் கூடாரம் அடித்து, பௌர்ணமி நிலவில் மணலிலேயே தங்குகிறார்கள். கோபித்துக் கடலுக்குப் போன கன்னியம்மனை அழைத்து வரவே அங்கு கூடுவதாக அவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. விடியலில் மணலைக் குவித்து ஏழு படிகள் அமைத்து, மஞ்சளும் குங்குமமும் பூவும் சாத்தி, தேங்காய் உடைத்து வழிபட்டபின், பெண் பார்த்து நிச்சயம் செய்வதும், தாலி கட்டுவதும், குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்துவதும் அந்த அலையோரத்திலேயே நடந்தேறுகின்றன. பல்லவர் கற்கோயிலைப் பார்க்க வருகிற நாம், சில அடி தள்ளி மணலில் ஒரு நாள் மட்டுமே நிற்கும் இந்தக் கோயிலையும் தலைவணங்கிப் பார்க்க வேண்டும்.

செங்கற்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா சதுப்பு நிலத்திற்கே சென்று, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. விருது கொடுத்ததோடு நம் கடமை தீர்ந்ததாக நான் கருதவில்லை. நாம் வீடு கட்டிக் குடியேறிய மண்ணை நமக்கு முன்னே காத்தவர்கள், அதே மண்ணில் ஒரு மனைப் பட்டாவுக்கும் ஒரு சாதிச் சான்றிதழுக்கும் இன்னும் மனுவோடு அலைகிறார்கள். அவர்களுக்கு அவ்விரண்டையும் தாமதமின்றிக் கொடுங்கள்.