இரு நாட்டு மரபும் ஒற்றைக் குடியுரிமையும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி ஃபிங்கை மணந்ததும், மறு ஆண்டு பிறந்த மகன் மார்த்தாண்ட சிட்னியை வாரிசாக ஏற்க ஆங்கில அரசு மறுத்ததும், 1928இல் மன்னர் பாரிசில் இறந்தபின் சிறுவர் இராஜகோபாலத் தொண்டைமானுக்கு அரியணை சென்றதும், இரு நாட்டு மரபினரின் உரிமையை யார் தீர்மானிப்பது என்னும் வினாவை புதுக்கோட்டை வரலாற்றில் முன்பே எழுப்பியிருந்தன.

இந்தியக் கால்பந்தில் அவ்வினா இசுமி அராட்டாவின் வாழ்வில் எழுந்தது. 1982இல் ஜப்பானில் இந்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த இவர், சிங்கப்பூரில் ஆடிவிட்டு, 2006இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்து, பின்னர் மகிந்திரா யுனைடெட், புணே ஆகிய கழகங்களில் நடுக்கள வீரராக, அதாவது தடுப்பையும் தாக்குதலையும் இணைப்பவராக, விளங்கினார். இந்திய அணிக்கு ஆட அவருக்கு இந்தியக் குடியுரிமை வேண்டியிருந்தது; ஆனால் இரட்டைக் குடியுரிமையை இந்தியச் சட்டம் ஏற்பதில்லை. வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை என்பதும், பெயர் எவ்வாறாயினும், நீண்டகால விசாச் சலுகையேயன்றிக் குடியுரிமையன்று. ஆகவே பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறந்த பின்னரே, விளையாட்டு வீரரொருவரிடம் கேட்கத் தகாத அவ்விலையைக் கொடுத்தே, 2013 பிப்ரவரியில் கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிராக அவர் முதன்முறை இந்தியாவுக்கு ஆடினார். அவ்வாட்டத்தில் இந்தியா தோற்றது.