சாராயக் குத்தகையும் காப்புறுதிக் கட்டுப்பணமும்: புளியந்தீவிலிருந்து ஒரு பார்வை

புகைபிடிப்போர், மது அருந்துவோர், உடற்பருமனைக் கட்டுப்படுத்தாதோர் ஆகியோரிடம் மருத்துவக் காப்புறுதிக்கு ஏனையோரைவிடக் கூடுதலான கட்டுப்பணம் அறவிட வேண்டும் என்ற வாதம் அடிக்கடி தலைதூக்குகின்றது. தன் உடலைத் தானே கெடுத்துக்கொள்பவனுக்காக மற்றவன் ஏன் செலவழிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கின்றது. எனினும் இவ்வாறு வாதிடுவோர் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. காப்புறுதி என்ற சொல்லையே கேட்டறியாத எமது வாவிக்கரை மக்கள், தமது பழக்கங்களுக்கான கூடுதற் கட்டணத்தை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செலுத்தியே வந்திருக்கின்றார்கள். அதற்குரிய காப்புறுதிப் பத்திரம் மட்டும் அவர்களுக்கு வழங்கப்படவில்லை.

இதனை விளக்குவதற்கு முன்னர், எது ஆரோக்கியமான வாழ்வு, எது கெட்ட வாழ்வு என்பதைக் காப்புறுதிக் கம்பனிகள் எவ்வாறு தீர்மானித்து வந்தன என்பதைச் சற்றுப் பார்ப்பது நல்லது. இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டில் ரொபேட் வார்னர் என்பவர் ஆயுட் காப்புறுதி பெற விண்ணப்பித்தார். குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த அவர் மதுவைத் தொடாதவர். கம்பனியின் பணிப்பாளர்கள் அவரிடம் கூடுதற் கட்டுப்பணம் கேட்டார்கள். குடிக்கிறார் என்பதற்காக அல்ல. குடிக்காமல் இருக்கிறார் என்பதற்காக! பியர் உடலுக்கு ஊட்டம் தரும், அதனைத் தவிர்ப்பவன் பலவீனன், விரைவில் இறந்துவிடுவான் என்பது அக்காலத்து நம்பிக்கை. வார்னர் கட்டணத்தைக் கட்டவில்லை. தம்மைப் போன்ற மதுவிலக்காளரைச் சேர்த்துக்கொண்டு, தாமே ஒரு காப்புறுதி நிறுவனத்தை அதே ஆண்டில் தொடங்கிவிட்டார். பின்னர் அந்நிறுவனம் மிதமாகக் குடிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் இரு சாராரின் கணக்குகளையும் தனித்தனியாகவே வைத்திருந்தது. பல்லாண்டுக் கணக்குகளை ஒப்பிட்டபோது, குடியாதவர் பிரிவில் இறப்பு குறைவாக இருந்தமை தெளிவாயிற்று. பணிப்பாளர்களின் நம்பிக்கை தலைகீழாகப் போயிற்று.

கெட்ட வாழ்வு என்று கருதப்பட்டது பழக்கம் மட்டுமன்று. இடமும் இனமும்கூட அவ்வாறு கருதப்பட்டன. வெப்ப நாடுகளுக்குப் போகும் ஆங்கிலேயரிடம் பிரித்தானியக் கம்பனிகள் மேலதிகக் கட்டணம் வாங்கின. அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு உதாரணம் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்திருந்தார். புளியந்தீவில் அவர் ஆரம்பித்த பள்ளிக்கூடமே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி அவரும் இறந்துபோனார். எந்தத் தீய பழக்கமும் இல்லாத ஓர் இளைஞர், வந்து ஓராண்டு நிறையும் முன்னரே மண்ணுக்குள் போய்விட்டார். கட்டணத்தை உயர்த்தியவர்கள் கணக்கைத் தவறாகப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கு அவருடைய ஒழுக்கத்தைப் பற்றியதன்று என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

அதே கம்பனிகள் இந்தியருக்குக் காப்புறுதி வழங்க நேர்ந்தபோது, இந்தியர் என்ற ஒரே காரணத்துக்காக அவர்களிடம் கூடுதற் கட்டணம் அறவிட்டன. இந்தியரையும் சாதாரணக் கட்டணத்தில் ஏற்றுக்கொண்ட முதலாவது நிறுவனம் 1870இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல். ஆக, குடியாதவன், குடியேறியவன், கறுத்தவன் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொருவரிடம் அபராதம் போன்ற ஒரு கட்டணம் வாங்கப்பட்டது. இன்று புகைபிடிப்பவன். இவர்களுள் கடைசியானவனின் விடயத்தில் மட்டுமே விஞ்ஞானம் உறுதியாகக் கம்பனியின் பக்கம் நிற்கின்றது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1964இல் அமெரிக்காவின் தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர் வெளியிட்ட அறிக்கை புகையிலைக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகறியச் செய்தது. அவ்வாண்டிலேயே ஸ்டேட் மியூச்சுவல் என்ற அமெரிக்கக் கம்பனி புகைபிடியாதவர்களுக்குக் கட்டணக் கழிவு வழங்கத் தொடங்கியது.

இனி எமது ஊருக்கு வருவோம்.

போர்த்துக்கேயர் கட்டிய புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பின்னாளில் கோட்டைக்குள்ளேயே கச்சேரி நெடுங்காலம் இயங்கியது. காலத்துக்குக் காலம் கொடி மாறினாலும், சாராயத்திலிருந்தும் கள்ளிலிருந்தும் வருமானம் எடுக்கும் வழி மாறவில்லை. அதுதான் குத்தகை முறை. ஆங்கிலேயர் காலத்தில் ஒரு பிரதேசத்தில் சாராயம் விற்கும் ஏகபோக உரிமை ஏலத்தில் விடப்படும். அதிக தொகை கேட்டவர் குத்தகைக்காரர். அரசாங்கத்துக்குக் கட்டிய பணத்தையும் தமது இலாபத்தையும் அவர் தவறணையில் குடிப்பவனிடமிருந்து எடுத்துக்கொள்வார். எவ்வளவு அதிகம் பேர் குடிக்கிறார்களோ அவ்வளவுக்கு இருவருக்கும் நன்மை. மொறட்டுவ, பாணந்துறைப் பக்கத்துக் குடும்பங்கள் சில இதில் திரட்டிய முதலைக் கொண்டே தோட்டங்களையும் சுரங்கங்களையும் வாங்கி இலங்கையின் புதுப் பணக்காரர் ஆயின. குடித்தவனின் ஈரலுக்கு அந்த முதலில் ஒரு சதமும் திரும்பவில்லை.

படுவான்கரை விவசாயியின் நெல்லுக்கு விதிக்கப்பட்ட தானிய வரியை 1892இல் குடியேற்ற அரசாங்கம் நீக்கியது. சாராயக் குத்தகையை நீக்கவில்லை. 1912இல் குத்தகை முறையை மாற்றி, மதுவரித் திணைக்களத்தின் கீழ்க் கள்ளுத் தவறணைகளும் சாராயத் தவறணைகளும் வெவ்வேறாக அமைக்கப்பட்டபோது நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்தது. 1915 கலவரத்தின்போது அவ்வியக்கத்தின் தலைவர்கள் பலரைச் சிறையில் அடைக்கும் அளவுக்கு அரசாங்கம் அஞ்சியது. தேசிய இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் இதனைச் சுதந்திர உணர்வின் தொடக்கம் என்கின்றனர். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகின்றது. குடியால் வரும் பணம் இல்லாமல் ஆட்சியை நடத்த முடியாத நிலைக்கு ஓர் அரசாங்கம் வந்துவிட்டால், குடிமக்களின் உடல்நலத்தைப் பற்றி அதனால் மனச்சுத்தியுடன் பேச முடியாது. சுதந்திரத்துக்குப் பின்னரும் இந்நிலை மாறிவிட்டதாக எவரும் சொல்லப்போவதில்லை.

சுதந்திர இலங்கை செய்த பெருஞ்செயல்களுள் ஒன்று, 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணத்தை ஒழித்தமை. அன்று முதல் குடிகாரனும் துறவியும் ஒரே வரிசையில் நின்றார்கள். யாரையும் 'நீர் புகைபிடிப்பவரா' என்று கேட்டுக் கட்டணத்தைக் கூட்டவில்லை. வைத்தியர் கேட்டார்தான், அது மருந்து கொடுப்பதற்காக.

இந்த ஏற்பாட்டில் ஒருமுறை கை வைத்தார்கள். அதன் விளைவு இப்போதைய விவாதத்துக்கு மிகவும் பயன்படக்கூடியது. 1971 நவம்பரில் நிதியமைச்சர் என். எம். பெரேரா சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில், வெளிநோயாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வருகைக்கும் 25 சதம் செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இடதுசாரித் தலைவர் ஒருவர், தொழிலாளருக்காகவே வாழ்ந்தவர், இதனைச் செய்ய நேர்ந்தது. கட்டணம் நோயாளியின் பழக்கத்தைப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் ஒன்றுதான். 25 சதம் என்பது அன்றும் பெருந்தொகை அன்று. இருந்தும் வெளிநோயாளர் வருகை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீழ்ச்சியடைந்தது. 1977இல் அக்கட்டணம் கைவிடப்பட்டது.

வராமற்போன அந்த மூன்றிலொரு பங்கினர் யார்? சும்மா மருந்து வாங்க வந்தவர்களே நின்றுவிட்டார்கள் என்று சிலர் வாதிட்டனர். அன்றைய எமது பிரதேசத்தை அறிந்தவர்கள் அவ்வளவு எளிதாக அதை ஏற்கமாட்டார்கள். படுவான்கரையிலிருந்து நகருக்கு வருவதென்றால் வாவியைக் கடக்க வேண்டும். மண்முனைத்துறைக்குப் பாலம் வந்ததே 2014இல்தான். ஒரு நாட் கூலியை இழந்து, தோணிக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்து, வெற்று வயிற்றோடு வரும் ஒருவருக்கு 25 சதம் என்பது அந்தச் செலவுகளின் மேல் வந்து விழும் இன்னொரு செலவு. இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று வீட்டிலேயே படுத்துவிடுவதற்கு அது போதும்.

பழக்கத்தைப் பார்த்து அறவிடும் கட்டணமும் இதே விளைவைத் தரும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. அங்கு 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம், புகைபிடிப்பவரிடம் 50 வீதம் வரை கூடுதற் கட்டுப்பணம் வாங்கக் கம்பனிகளுக்கு இடமளித்தது. பின்னர் ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்டது என்னவென்றால், கூடுதற் கட்டணத்தால் புகைபிடிப்போர் புகையை விடவில்லை, காப்புறுதியைத்தான் விட்டார்கள். வைத்தியம் மிகத் தேவைப்படுபவரை வைத்தியத்திலிருந்து விலக்கி வைத்த கதை.

இன்னொரு சிக்கலும் உண்டு. காப்புறுதி விண்ணப்பங்கள் வழக்கமாகச் சிகரெட்டைப் பற்றியும் மதுவைப் பற்றியும் கேட்கும். எங்கள் ஊரில் வெற்றிலைத் தட்டம் இல்லாத மங்கல வீடும் இல்லை, சாவு வீடும் இல்லை. பாக்கு தன்னளவிலேயே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் நிபுணர் குழு 2003இல் முடிவு செய்தது. இலங்கை ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. சிகரெட் பிடிக்கும் உத்தியோகத்தரிடம் கூட்டிக் கேட்டுவிட்டு, வெற்றிலை போடும் கனவானை 'நல்ல உயிர்' என்று பதிந்துகொண்டால் அந்தக் கணக்கில் என்ன நியாயம் இருக்கப்போகின்றது? வார்னரைக் கண்டு முகஞ்சுளித்த பணிப்பாளர்களும் தமக்குப் பழக்கமான பழக்கத்தைக் குறையாகக் காணவில்லை.

எனவே, கட்டணத்தை வைத்தியசாலை வாசலில் நோயாளி மீது சுமத்துவதைவிடக் கடையில் பண்டத்தின் மீது சுமத்துவதே மேலானது என்பது என் கருத்து. இலங்கை அந்த வழியில் சில அடிகள் வைத்ததுண்டு. 2006இல் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை சட்டத்தால் உருவாக்கப்பட்டது. 2015இல் சிகரெட் பெட்டியின் 80 வீதப் பரப்பில் எச்சரிக்கைப் படங்கள் வந்தன. 2017 நவம்பரில் நிதியமைச்சர் மங்கள சமரவீர, குளிர்பானங்களில் உள்ள சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சத வரியை அறிவித்தார். குளிர்பானக் கம்பனிகளின் கூக்குரல் ஓயவில்லை. அடுத்த ஆண்டின் இறுதியில், அரசியற் குழப்பத்தின் நடுவே, அந்த வரி குறைக்கப்பட்டது. அதே காலப்பகுதியில் எமது மாவட்டத்தின் கல்குடாப் பகுதியில் எத்தனோல் வடிசாலை கட்டப்படுவதை எதிர்த்து மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். 2017 மார்ச்சில் அங்கு செய்தி சேகரிக்கச் சென்ற ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டார்கள்.

பண்டத்தின் மீதான வரிக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. சாராயப் போத்தலின் விலை ஏறும்போதெல்லாம் பற்றைக்குள் கசிப்புப் பானை கொதிக்கும். சிகரெட்டுக்குப் பதில் பீடி வரும். ஏழை தன் வருமானத்தில் செல்வனைவிடப் பெரும் பங்கை இந்த வரிக்குக் கொடுக்கிறான் என்பதும் உண்மை. இந்தக் குறைகளை ஓரளவாவது ஈடுசெய்ய வேண்டுமாயின், அவன் கொடுக்கும் பணம் அவனுடைய வைத்தியத்துக்கே திரும்ப வேண்டும்.

அப்படித் திருப்பிய நாடுகள் இருக்கின்றன. தாய்லாந்து 2001இல் மது, புகையிலை வரிகளின் மேல் 2 வீத மேலதிக வரி விதித்து, அதனைக் கொண்டு சுகாதார மேம்பாட்டு நிதியம் ஒன்றை அமைத்தது. பிலிப்பைன்ஸ் 2012இல் நிறைவேற்றிய சட்டம் இன்னும் நேரடியானது. சிகரெட், மது வரியின் கூடுதல் வருமானத்தில் பெரும்பகுதியைச் சுகாதாரத்துக்கு ஒதுக்கி, வறிய குடும்பங்களின் மருத்துவக் காப்புறுதிக் கட்டுப்பணத்தை அரசாங்கமே கட்டியது. அங்கே குடிப்பவன் செலுத்திய கூடுதற் கட்டணத்துக்கு ஒரு பத்திரம் கிடைத்தது. அது அவன் பிள்ளைகளின் பெயரிலும் இருந்தது.

இங்கே மது வரியும் சிகரெட் வரியும் திறைசேரியின் பொதுப் பணத்தோடு கலந்துவிடுகின்றன. வைத்தியசாலைக்கு எவ்வளவு என்பதை ஒவ்வோர் ஆண்டும் வேறு யாரோ வேறு கணக்கின்படி தீர்மானிக்கிறார்கள். 2022இல் நாடு வங்குரோத்தானபோது அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமற் போயிற்று. நோயாளிகள் கையில் சீட்டைக் கொடுத்து வெளியே வாங்கிவரச் சொன்னார்கள். அந்தச் சீட்டோடு மருந்தகங்களின் வாசலில் நின்றவர்களுள், சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் நாற்பது ஆண்டுகளாக வரி கட்டியவர்களும் இருந்தார்கள்.