“உங்களை எப்படி நம்புறது?”: 1906ல் மெட்ராஸ் கேட்ட கேள்வி

இன்னைக்கு எபிசோட் சேல்ஸ் பத்தி. டார்கெட், இன்சென்டிவ் எல்லாம் இல்ல. முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட போய் அவரோட பணத்தைக் கேட்கும்போது, அவர் சொல்ற ஒரே ஒரு மறுப்பைப் பத்தி மட்டும் பேசப்போறோம்.

நான் தி.நகர்ல, பாண்டி பஜார் பக்கம் ஒரு ஆபீஸ்ல ரெண்டு வருஷம் டெலிகாலரா வேலை பார்த்தேன். ஒவ்வொரு சீட் முன்னாடியும் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும். “இப்ப டைம் இல்லை”ன்னா ஒரு பதில், “வீட்ல கேட்கணும்”னா ஒரு பதில், “ஏற்கெனவே ஒண்ணு இருக்கு”ன்னா ஒரு பதில். “தம்பி, முதல்ல உங்களை எப்படி நம்புறது?”ன்னு கேட்டா மட்டும் அந்தப் பேப்பர்ல இருந்தது ஒரே வரி: “நாங்க இத்தனை வருஷமா இருக்கோம் சார்.”

இந்தப் பதில் எவ்வளவு பலவீனமானதுன்னு இந்த ஊர் 1906லயே பார்த்துடுச்சு.

அப்போ மெட்ராஸ்ல மூணு பெரிய பிரிட்டிஷ் வணிக நிறுவனங்கள்: பாரி, பின்னி, ஆர்பத்நாட். இதுல ஆர்பத்நாட் வங்கித் தொழிலும் செய்தது. கிட்டத்தட்ட நூறு வருஷப் பேரு. வக்கீல்கள், ஜமீன்தார்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள்னு ஆயிரக்கணக்கான பேர் அங்கே பணம் போட்டிருந்தார்கள். லண்டனில் அதோடு சேர்ந்து இயங்கிய நிறுவனம் முதலில் விழுந்தது. அடுத்து 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, ஆர்பத்நாட்டும் கதவைச் சாத்தியது. முதன்மைப் பங்குதாரர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது கிரிமினல் வழக்கு நடந்து, 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. ஆனா அந்தத் தண்டனையால யாருக்கும் போட்ட பணம் முழுசா திரும்பி வரலை.

இப்போ நீங்க அந்த நவம்பர் மாசத்துல இருக்கீங்கன்னு வச்சுக்கோங்க. ஒருத்தர் வந்து, “புதுசா ஒரு பேங்க் ஆரம்பிக்கிறோம், பங்கு வாங்குங்க”ன்னு சொல்றார். என்ன பதில் சொல்வீங்க?

அப்படிக் கேட்டுப் போனவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியை அதே 1906ல் நிறுவியவரும் இவர்தான். ஆர்பத்நாட் வழக்கில் பணம் இழந்தவர்கள் பக்கம் நின்று பேர் வாங்கியவர். அதனால யார் எப்படி ஏமாந்தாங்கன்னு அவருக்கு உள்ளும் புறமும் தெரியும். அண்ணாமலை செட்டியாரின் சகோதரர் ராமசாமி செட்டியாரிடம் ஆதரவு கேட்டார். இங்கேதான் எனக்கு ஆச்சரியம். நகரத்தார்கள் பர்மா, இலங்கைன்னு கடல் தாண்டி வட்டித் தொழில் நடத்தியவர்கள். இன்னொருத்தர் சொல்லி பேங்க்கை நம்பணும்ங்கிற அவசியமே அவங்களுக்கு இல்ல. “ஏற்கெனவே ஒண்ணு இருக்கு”ங்கிற மறுப்பு அவங்க வாயில வந்தா அது முழு உண்மை. அப்படியும் ஆதரவு கிடைத்தது. 1907 மார்ச் 5 அன்று இந்தியன் பேங்க் பதிவானது. ஆகஸ்ட் 15 அன்று தொழில் தொடங்கியது.

என்ன மாறிச்சு? என் கணிப்பு இது. ஆர்பத்நாட் ஒரு கூட்டு வியாபாரம். சில பங்குதாரர்கள் முடிவெடுப்பார்கள், கணக்கை ஊருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியன் பேங்க் சட்டப்படி பதிவான கூட்டுப்பங்கு கம்பெனி. இயக்குநர்கள் உண்டு, தணிக்கை உண்டு, பங்கு வச்சிருக்கிறவர் கேள்வி கேட்க ஒரு கூட்டம் உண்டு. “எப்படி நம்புறது?”ங்கிற கேள்விக்கு அவங்க வெறும் வசனத்தை மட்டும் வச்சிருக்கலை, பதிலை நிறுவனத்தோட அமைப்புக்குள்ளயே வச்சாங்க.

அதுவும் முழுப் பதில் இல்லைன்னு வரலாறு உடனே காட்டியது. 1913லிருந்து சில வருஷங்களில் இந்தியா முழுக்கப் பல கூட்டுப்பங்கு வங்கிகள் விழுந்தன. 1938ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க், 1960ல் பாலாய் சென்ட்ரல் பேங்க். அதன் பிறகுதான், 1962ல், டெபாசிட் இன்சூரன்ஸ் வந்தது. அன்னைக்கு உச்சவரம்பு 1,500 ரூபாய். 2020லிருந்து 5 லட்சம்.

ஆயுள் காப்பீட்டிலும் இதே கதை. சாயங்காலம் வீடு வீடா ஏறி இறங்கிய ஏஜென்ட்டுகிட்ட, “நான் போறதுக்கு முன்னாடி உங்க கம்பெனி போயிட்டா?”ன்னு கேட்டா அது விதண்டாவாதம் இல்ல, கம்பெனிகள் நிஜமாவே போய்க்கொண்டிருந்தன. 1956ல் 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் சேர்த்து எல்ஐசி உருவானது. அந்தச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பாலிசித் தொகைக்கு மத்திய அரசின் உத்தரவாதத்தைத் தந்தது. அதுக்கப்புறம் ஏஜென்ட் நீளமாப் பேச வேண்டியதே இல்ல. “கவர்மென்ட் கேரண்டி மாமி”ன்னு ஒரே வரி போதும்.

சரி, பழைய கதைன்னு விட்டுடலாமா? 1872ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். போட்ட பணம் திரும்ப வரலைன்னு டெபாசிட்தாரர்கள் புகார் கொடுக்க, 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டிருந்த பெரியவர்கள் வாசலில் நின்றார்கள். அது ஒரு நிதி நிறுவனம். வங்கிகளுக்கு இருக்கிற டெபாசிட் இன்சூரன்ஸ் நிதி நிறுவனங்களுக்குக் கிடையாது. “150 வருஷமா இருக்கோம்”ங்கிறது பெரிய பேருதான். ஆனா பேரு வேற, பாதுகாப்பு வேற.

இதைக் கேட்கிற உங்கள்ல பலர் இன்னைக்கு ஹெட்செட் மாட்டிக்கிட்டு இதே வேலையைச் செய்றீங்க. நேரம், விலை, வீட்ல கேட்கிறதுன்னு வர்ற மறுப்புகளை நீங்க பேசிச் சமாளிக்கலாம். நம்பிக்கை பத்திய கேள்வி வந்தா மட்டும் சமாளிக்காதீங்க. அவங்களே வெளியே போய்ச் சரிபார்க்கக்கூடிய ஒண்ணைச் சொல்லுங்க: லைசென்ஸ் எண், எந்த ரெகுலேட்டர், பணம் போனா யார் பொறுப்பு. அப்படிச் சொல்ல உங்க கம்பெனிகிட்ட எதுவும் இல்லைன்னா, அந்தக் கஸ்டமர் கேட்டதுல ஒரு தப்பும் இல்ல.

கால் வர்ற பக்கம் இருக்கீங்களா? அதே மூணையும் கேளுங்க. விளம்பர கால்களே வேண்டாம்னா 1909ல் பதிவு பண்ணுங்க. வீட்ல தாத்தா பாட்டி ஃபிக்ஸட் டெபாசிட் போட்டிருந்தா, அது பேங்க்கா, நிதியான்னு இன்னைக்கே ஒரு தடவை ரசீதை எடுத்துப் பாருங்க. 1906ல் அந்தக் கேள்வியை யாரும் முன்கூட்டியே கேட்க வழியில்லாம இருந்தது. நமக்கு வழி இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.